‘ஜி’ நிற்க வேண்டும்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, “டீச்சர், இந்தப் பன்னிரண்டு சுர இசையில எது ஆதார சுருதின்னு என்னால கண்டுபிடிக்கவே முடியல. எனக்குக் காது போயிடுச்சா?” என்று கேட்டார். காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இசையில் ஆதார சுருதி கிடையாது. இல்லாத ஒன்றைத் தேடி இல்லை என்று வந்து நிற்பவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. இருக்கிறது என்று சாதிப்பவர்களோடுதான் நான் காலமெல்லாம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் தண்ணீர் லாரி வந்து நின்றதும் குடங்கள் வரிசையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு குடமும் ஒரு முறை நிரம்பும். எல்லாக் குடமும் நிரம்புகிற வரை எவருக்கும் இரண்டாவது குடம் கிடையாது. கேட்டால் சண்டைதான். பன்னிரண்டு சுர இசையின் சட்டமும் அதுவே. ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைகள் இருக்கின்றன. நம் ஸ, ரி, க போல மேற்கத்திய இசையில் அவற்றை சி, டி, ஜி என்று எழுத்துகளால் சொல்வார்கள். இசையமைப்பாளர் அவற்றை ஒரு வரிசையில் நிறுத்துகிறார். பன்னிரண்டும் வந்து முடிந்த பிறகே அடுத்த சுற்று. அந்த வரிசையைத் திருப்பலாம், தலைகீழாக்கலாம், மேலே கீழே தள்ளி வைக்கலாம். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, அதாவது கார்டுகளை, அந்த வரிசையிலிருந்தே எடுக்கலாம். மேடை ஏறுவதற்கு முன் இசைத்தாளைப் படித்து, எந்த வரிசை எங்கே ஓடுகிறது, எந்தக் கார்டு எதிலிருந்து பிறந்தது என்று வாசிப்பவர்களுக்குச் சொல்வது நம் வேலை. சம்பளம் கொஞ்சம், தலைவலி அதிகம்.

எப்படிச் சரிபார்ப்பது என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான் அதைப் பேசப் போவதில்லை. வரிசை இடிக்கிறது, நேரம் இல்லை, எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள் என்ற நிலையில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவரின் மேசையில் பென்சில் இருக்கும், ரப்பர் இருக்காது. “எழுதுனவங்க உயிரோட இருந்தா போய்க் கேளு. செத்துட்டாங்கன்னா இன்னும் மரியாதையா நடந்துக்க” என்பார். அப்போது சிரித்தேன். இப்போது நான் சொல்லப் போகும் நாளில் அந்தச் சிரிப்பு வரவில்லை.

நஸ்ரின் பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கும் கடை. நஸ்ரின் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சியில் வேலை பார்த்தார். பகலெல்லாம் கண்டெய்னர், சாயங்காலம் இசை. பியானோவும் இசையமைப்பும் முறையாகப் படித்துப் பரீட்சைகள் எல்லாம் முடித்தவர். படிப்பில் குறை சொல்ல முடியாது. கோபத்தில் மட்டும் குறை சொல்லலாம், மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

நிறைய எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு வரியைக்கூட உயிருள்ள மனிதர்கள் வாசித்து அவர் கேட்டதில்லை. வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்பார். “கம்ப்யூட்டர்ல கேக்குறது போட்டோல பிரியாணி பாக்குற மாதிரிக்கா” என்று என்னிடம் சொல்வார். என்னைவிட வெகுவாக இளையவர், ஆனாலும் டீச்சர் என்று கூப்பிடமாட்டார், அக்காதான். நான் அவருக்கு எதையும் கற்றுக் கொடுக்காததால் அது நியாயமாகவே பட்டது.

அப்படியிருக்கையில் எங்கள் சபா ராயபுரத்தில் ஒரு நவீன இசைக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தது. நஸ்ரின் எழுதிய ‘முகத்துவாரம்’ என்ற படைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், அதற்குப் பெரிய அண்ணன் மாதிரியான செல்லோ, பியானோ என்று ஐந்து பேர் வாசிப்பது. எண்ணூரில் ஆறு கடலில் சேரும் இடத்தில், முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதியது. மூன்று பகுதிகள், முழுக்கப் பன்னிரண்டு சுர வரிசையில் கட்டியது. செய்தி தெரிந்த அன்று நஸ்ரின் எனக்குப் போன் செய்தார்.

“அக்கா, ஒரே ஒரு தபா என் காதால கேட்டுட்டா போதும். நான் எழுதுனது நெசமாவே நான் நெனச்ச மாதிரி கீதா இல்லையான்னு தெரிஞ்சுரும். இதுவும் தட்டிப்போச்சுன்னா இத்தோட மூட்டை கட்டி வெச்சுருவேன். ஆபீஸ் வேலைய ஒழுங்கா பாக்குறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். குரல் விளையாட்டாக இல்லை.

கச்சேரியை நடத்த வெளியூரிலிருந்து ஒரு கண்டக்டர் வந்தார். கண்டக்டர் வருகிறார் என்றதும் எங்கள் வாட்ச்மேன், எந்த டிப்போ என்று கேட்டார். வந்தவரிடம் விசில் இல்லை, கையில் ஒரு மெல்லிய குச்சி மட்டும் இருந்தது. கெட்டிக்காரர், கறாரானவர். தமிழ் பேசினால் அரைகுறையாகப் புரியும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இசையமைப்பாளரைக் கடைசி ஒத்திகை வரை உள்ளே விடமாட்டார். எழுதியவர் பக்கத்தில் இருந்தால் வாசிப்பவர்களுக்குக் கை நடுங்கும் என்பது அவர் கட்சி. நஸ்ரினுக்கும் அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. ஆக அந்த வாரம் முழுவதும் ஒத்திகை நடந்தது, அவர் ஒரு சுரமும் கேட்கவில்லை.

இசைத்தாளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த கண்டக்டர், கச்சேரியன்று காலையில்தான் என்னை வரச் சொன்னார். திருவொற்றியூரிலிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரை அவர் எடுத்தார். இசைத்தாளின் நடுப்பகுதியைத் திறந்து என் முன் வைத்தார்.

“எண்ணிப் பாருங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

எண்ணினேன். பதினொன்று. அடுத்த வரிசையையும் எண்ணினேன். அதிலும் பதினொன்று.

“பன்னிரண்டு வரை எண்ணத் தெரியாதவர் எதற்காகப் பன்னிரண்டு சுர இசை எழுத வேண்டும்? நடுப்பகுதி முழுக்க ஓட்டையாக இருக்கிறது. ஒத்திகையில் கேட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. இரண்டு வழி சொல்கிறேன். விட்டுப்போன சுரங்களை நானே நிரப்பிக்கொள்கிறேன், யாருக்கும் தெரியப்போவதில்லை. அல்லது இந்தப் படைப்பையே எடுத்துவிடலாம். மூன்று மணிக்குக் கடைசி ஒத்திகை. அதற்குள் சொல்லுங்கள்.”

சபாச் செயலாளர் பக்கத்திலேயே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “டீச்சர், ரெண்டுல ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க. நிரப்புறதுன்னா நிரப்பிடட்டுமே. அந்தப் பொண்ணுக்கும் மேடை கெடச்ச மாதிரி இருக்கும்” என்றார்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்வேன். நிரப்பினால் எல்லோருக்கும் நிம்மதி. கச்சேரி நடக்கும், கண்டக்டர் மகிழ்வார், செயலாளரின் கழுத்து வியர்க்காது. பதினொன்றைப் பன்னிரண்டாக்குவது நம் போன்றவர்களுக்குக் கை அரிப்பெடுக்கும் வேலையும்கூட. ஆனால் நஸ்ரின் அன்று முதன்முதலாகத் தன் இசையைக் கேட்க வருகிறார். அவர் கேட்கப்போவது அவருடையதாக இருக்காது. அதை அவர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். எடுத்துவிட்டாலும் கதை முடிந்தது, நிரப்பினாலும் கதை முடிந்தது. இரண்டுக்கும் நான் தலையாட்டவில்லை. மூன்று மணிக்குச் சொல்கிறேன் என்று இசைத்தாளைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனேன்.

மற்ற எதையும் பார்க்காமல், விட்டுப்போன சுரம் எது என்று மட்டும் பார்த்தேன். முதல் வரிசையில் ஜி இல்லை. அடுத்ததில் ஜி இல்லை. திருப்பிப் போட்ட வரிசையில் ஜி இல்லை, தலைகீழ் வரிசையிலும் ஜி இல்லை. நடுப்பகுதியின் கடைசிப் பக்கம் வரை அதே கதை. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஜி, ஜி என்கிறார்கள், இந்தப் பெண் ஒரு ஜியைக்கூட உள்ளே விடவில்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவனம் இல்லாதவர் ஓரிடத்தில் ஜியை விடுவார், இன்னோரிடத்தில் டியை விடுவார், வேறோரிடத்தில் எதையாவது இரண்டு முறை எழுதுவார். எல்லா இடத்திலும் ஒரே சுரம் விட்டுப்போனால் அது கவனக்குறைவு இல்லை. யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். இதைக் கண்டதும் எனக்குப் பாதித் தெம்பு வந்தது. மீதிப் பாதி வரவில்லை, ஏனென்றால் அந்த முடிவு என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

பியானோவின் கார்டுகளைப் பார்த்தேன். நான்கு நான்கு சுரமாக மூன்று கார்டுகள், சேர்த்தால் பன்னிரண்டு, அதுதான் திட்டம். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்றாவது கார்டில் மட்டும் மூன்று சுரம்தான் இருந்தது. கால் உடைந்த ஸ்டூல் மாதிரி அங்கேயே சாய்ந்தது. ஜி இருந்தால் அந்தக் கார்டும் மற்ற இரண்டையும் போலவே நேராக உட்காரும். அப்படியானால் ஜி எங்கேயோ இருந்தாக வேண்டும்.

ஜி கடைசியாக எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடினேன். முதல் பகுதியின் முடிவில் செல்லோ அதை வாசிக்கிறது. அந்தச் சுரத்தின் தலைக்கு மேல் நஸ்ரின் தமிழில் எழுதியிருந்தார்: ‘ஜி நிற்கவும்’. தன் இசைத்தாளில் எல்லாக் குறிப்புகளையும் தமிழில்தான் எழுதுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தவர். சுரத்தின் வால் பக்கத்தில் ஒரு சிறு வளைவுக் கோடு, பக்க விளிம்பு வரை போய் அந்தரத்தில் முடிந்தது. ஒலியைத் தானாக அடங்க விடச் சொல்வதற்கும் அப்படித்தான் கோடு போடுவார்கள். அடுத்த பக்கத்திலிருந்து செல்லோவுக்கு வரியே அச்சிடவில்லை. வாசிக்காத கருவிக்கு வரி ஒதுக்காமல் விடுவது இப்போதைய வழக்கம். ஆக எல்லாம் சரியாக இருக்கிறது. ஜி நின்றது, செல்லோ ஓய்ந்தது. அதற்கு மேல் ஜி இல்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நஸ்ரினுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். கடைசியில் அவரே நேரில் வந்துவிட்டார், அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில். புதுச் சுடிதார், முகமெல்லாம் வெளிச்சம். கீழே செயலாளர் விஷயத்தை உளறியிருக்கிறார் போல. மாடி ஏறி வருவதற்குள் அந்த வெளிச்சம் போயிருந்தது.

“இன்னாக்கா இது? எனக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்றாராமே அந்த ஆளு?”

“ஒக்காரு. கோவப்படாம ஒண்ணே ஒண்ணு சொல்லு. நடுப்பகுதியில ஜி எங்க?”

“ஜிக்கு இன்னா? அதான் நிக்குதே.”

“அதையேதான் நானும் சொல்றேன். நின்னுடுச்சு. நின்னதுக்கப்புறம் அதை யாரு வாசிக்கிறாங்க?”

“நிக்கிறத எதுக்குக்கா திரும்ப வாசிக்கணும்?”

“வாசிச்சாத்தானே பன்னெண்டு ஆகும்?”

“அது நிக்கிறதாலதான் பன்னெண்டு ஆவுது.”

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அவருக்கும் வந்தது. ஒருவருக்கொருவர் பைத்தியமா என்பது போல் பார்த்துக்கொண்டோம். சுவர்க் கடிகாரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. நஸ்ரின் இசைத்தாளைத் தட்டித் தட்டிக் காட்டினார். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

“அக்கா, கடல் எங்கனா நடுவுல காணாம பூடுமா? ஆறு வந்து விழுவுது, படகு போவுது, காக்கா கத்துது, எல்லாம் மேலதான். அடியில கடல் ஒண்ணு அது பாட்டுக்கு நின்னுகினு கீது. அந்த ஜி நின்னுகினே கீதுக்கா. ஏற்கெனவே ஒருத்தன் நின்னுகினு கீற எடத்துல இன்னொருத்தன் போய் நிப்பானா? அதான் வேற யாருக்கும் ஜி குடுக்கல.”

நின்னுகினே கீது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நம் மொழியின் கூத்தைப் பாருங்கள். மழை நின்றது என்றால் மழை இல்லை. ஆள் வாசலில் நின்றான் என்றால் ஆள் இருக்கிறான். தேர்தலில் நிற்பவர் ஊரெல்லாம் சுற்றுகிறார், தேர்தலே நின்றுவிட்டால் வீட்டுக்குப் போகிறார். ஒரே சொல், ஓய்ந்துபோவதும் அதுவே, ஓயாமல் இருப்பதும் அதுவே. நஸ்ரின் நிற்கவும் என்று எழுதியது, ஜி விலகாமல் அங்கேயே நீடிக்கட்டும் என்று. படித்த நாங்கள் எல்லோரும், நானும் சேர்த்துத்தான், ஜி அத்தோடு முடியட்டும் என்று படித்திருக்கிறோம். வளைவுக் கோடு அடங்குவதற்கு அல்ல, அடுத்த பக்கத்துக்குத் தொடர்வதற்கு. செல்லோவுக்கு வரி இல்லாதது அது ஓய்ந்ததால் அல்ல, புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாததால்.

அச்சில் போகிறதே என்று நஸ்ரின் மரியாதையாக ஏட்டுத் தமிழில் எழுதினார், அது காலை வாரிவிட்டது. வண்ணாரப்பேட்டையில் பேசுகிறபடி எழுதியிருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது. நின்னுகினு கீது என்றால் நின்றுகொண்டே இருக்கிறது, அதற்கு ஒரே பொருள்தான். அது சினிமாவில் சிரிப்பதற்கு வைத்திருக்கிற பேச்சு என்று யாராவது உங்களிடம் சொன்னால், என்னிடம் அனுப்பிவையுங்கள்.

“கீழ வா” என்று நஸ்ரினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். என் முழங்கால் வலி அன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

செல்லோ வாசித்தவர் ஜெரோம், ராயபுரத்துக்காரர், சினிமா ரெக்கார்டிங்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். குழுவில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. நஸ்ரின் நேராக அவரிடம் போய் இசைத்தாளை நீட்டினார்.

“இதுக்கு இன்னா அர்த்தம்னு சொன்ன கண்டக்டராண்ட?”

“ஸ்டாப்புன்னு சொன்னேன். நிக்கவும்னா ஸ்டாப்புதானம்மா? டிராபிக் போலீசு கைய காட்னா இன்னா பண்ணுவோம், நிப்போம்.”

“பஸ்ல சீட்டு இல்லன்னா இன்னா பண்ணுவ?”

“நிப்பேன்.”

“எதுவரைக்கும்?”

“எறங்குற ஸ்டாப்பு வர வரைக்கும்…” என்று இழுத்தார். பிறகு வில்லால் தன் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். “பேஜாராகிப் போச்சேம்மா. வாரம் பூரா நான் சும்மா குந்திகினு இருந்திருக்கேன்.”

மிச்சம் இருந்தது கண்டக்டர். அங்கேதான் சிக்கல். அவர் எண்ணியது சரி. சரியாக எண்ணியவரிடம் போய் நீங்கள் தவறு என்றால், எவ்வளவு பெரிய மனிதரும் கதவைச் சாத்திக்கொள்வார். தவறாக எண்ணியவரைத் திருத்திவிடலாம், சரியாக எண்ணியவரை அசைக்க முடியாது. அதனால் எண்ணிக்கையைப் பற்றி நான் பேசவே இல்லை.

“நீங்கள் எண்ணியது சரி. நானும் பதினொன்றுதான் எண்ணினேன்” என்றேன். “ஆனால் நாம் இருவரும் புதிதாகத் தொடங்கிய சுரங்களை மட்டும் எண்ணினோம். ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பதை எண்ணவில்லை. செல்லோ ஜியை விடாமல் பிடிக்கட்டும். நடுப்பகுதியை ஒரு முறை கேளுங்கள். பிறகு நீங்கள் எடுத்துவிடச் சொன்னால் நானே மேடையில் போய் அறிவிக்கிறேன்.”

அவர் நஸ்ரினைப் பார்த்தார். அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். நஸ்ரின் தலையைக் குனியவில்லை. கண்டக்டர் குச்சியை எடுத்தார்.

செல்லோவில் கீழிருந்து இரண்டாவது தந்தி ஜிதான். விரலே வைக்க வேண்டாம், வெறுந்தந்தி. ஜெரோம் வில்லை அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்தார். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்டும் கேட்காததுமான ஒலி. மேலே கிளாரினெட் வந்தது, புல்லாங்குழல் வந்தது. பியானோவின் முதல் கார்டு விழுந்தது, இரண்டாவது விழுந்தது. மூன்றாவது, அந்தக் கால் உடைந்த கார்டு, ஜியின் மேல் வந்து உட்கார்ந்தது. ஆடவில்லை. பியானோ வாசித்த பெண் சட்டென்று நிமிர்ந்து ஜெரோமைப் பார்த்தார். வாரம் முழுவதும் அவர் வாசித்த அதே கட்டைகள்தான், ஒன்றையும் மாற்றவில்லை. ஆனாலும் எல்லாம் வேறாக இருந்தது. ஒவ்வொரு வரிசையும் வந்து அந்த ஜியோடு சேர்ந்து பன்னிரண்டாகி முடிந்தது. இதுவரை தவறு என்று கேட்ட ஒவ்வோர் இடமும் சரி சரி என்று கேட்டது.

கண்டக்டர் பாதியில் குச்சியை இறக்கினார். அவர் இசைத்தாளின் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

“ஆரம்பத்திலிருந்து” என்றார்.

ஜெரோம் தன் தாளில் ‘நிற்கவும்’ என்பதை அடிக்காமல், அதற்குப் பக்கத்தில் பென்சிலால் பெரிதாக எழுதிக்கொண்டார்: ‘நின்னுகினே கெட’. நஸ்ரின் அதைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். செயலாளர் எல்லோருக்கும் டீ சொல்லப் போனார்.

மாலையில் அரங்கம் நிறைந்துவிட்டது. இந்த மாதிரி இசைக்கு வழக்கமாக வரும் பத்திருபது பேர் முன்வரிசையில். பின்னால் முழுக்க நஸ்ரினின் அத்தா கூட்டி வந்திருந்த கூட்டம், கடையில் வலை வாங்கும் படகுக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். அத்தா நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளம் எங்கே என்று யாரோ கேட்டார், யாரோ அதட்டினார். நஸ்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

நடுப்பகுதி போகப் போகக் கூட்டம் அடங்கியது. ஜி ஒலிக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவு நேரமாக அது அங்கே இருந்தது. பகுதி முடியும் இடத்தில் எல்லாக் கருவிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து ஜி மட்டும் மிஞ்சியது. கண்டக்டர் விரலை மடக்கினார். ஜெரோம் வில்லை எடுத்தார். அரங்கத்தில் ஏதோ பெரிய பொருளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டது போல் இருந்தது. பின்வரிசையில் ஒரு பெண்மணி தன்னை அறியாமல் ‘ஐயோ’ என்றார். அந்த ஐயோவுக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் இந்த வேலையைப் பார்க்கலாம்.

முடிந்ததும் கைதட்டல் பின்னாலிருந்துதான் தொடங்கியது. கண்டக்டர் நஸ்ரினைக் கைகாட்டி அழைத்தார். அவர் எழுந்ததும் காசிமேடே எழுந்தது. விசில் பறந்தது. வாட்ச்மேன் கேட்ட கண்டக்டர் இப்போதுதான் வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “பாட்டு எனக்கு இன்னானு பிரியல. ஆனா அடியில ஒண்ணு இருந்துச்சு பாரு, அது போனதும் நெஞ்சு காலியாப் பூட்ச்சு.” அவர் கை இப்போது கட்டியிருக்கவில்லை.

“இன்னொரு தபா வாசிக்கச் சொல்லு நைனா” என்று ஒரு குரல். பிறகு பல குரல்கள். நவீன இசைக் கச்சேரியில் ஒன்ஸ்மோர் கேட்டதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கண்டக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்து, குழந்தை மாதிரி சிரித்தார். மறுபடியும் முதல் பகுதியிலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் முறை நஸ்ரின் என் தலைப்பை விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று கண்ணைத் திறந்து என் காதருகே குனிந்தார்.

“அக்கா, இப்ப கிளாரினெட்ல போச்சு பாருங்க, அந்த எடத்துல ரெண்டு சுரத்த முன்ன பின்ன மாத்தி எழுதிட்டேன். நெசமாவே தப்பு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பகுதியில் பன்னிரண்டும் ஒழுங்காக இருக்கிறதே என்று கண்டக்டரும் விட்டிருந்தார், நானும் விட்டிருந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்ததால் இருவருமே வரிசையைப் பார்க்கவில்லை. எழுதியவர் காதால் கேட்டுச் சொல்லிவிட்டார்.

“முடிஞ்சதும் திருத்திடலாமா?” என்று கேட்டேன்.

நஸ்ரின் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பேரும் அவர் எழுதியதை அவர் எழுதியபடியே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“வேணாங்க்கா, இதுவும் நல்லாத்தான் கீது. அடுத்ததுல வேணும்னே இப்டி எழுதுறேன்.”